ஆட்டம் முடியட்டும், அப்புறம் பயப்படலாம்

டிராக்டரோடு வாய்க்காலில் கவிழ்ந்தவன் பழமலை. எழுந்திருக்க முடியாமல் போனதோ அவன் பெண்டாட்டி ஆண்டாளுக்கு.

பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரை ஓட்டுகிறவன் பழமலை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள், மதகுக்குப் பக்கத்தில் டிரெய்லர் சரிந்து, வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. காறை எலும்பு முறிந்ததோடு ஆள் பிழைத்துக்கொண்டான். சித்திரை முழுக்கக் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். கட்டைப் பிரித்த வாரமே, "உழவுக்கு வண்டி கேக்குறாங்க, போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டான். விசிலடித்துக்கொண்டு கிளம்பினான் என்றே சொல்ல வேண்டும்.

ஆண்டாள்தான் வாசலிலேயே நின்றாள். உடம்பு வேலைக்குப் போயிற்று, வந்தது, சோறு வடித்தது. மனசு மட்டும் அந்த மதகுக்குப் பக்கத்திலேயே நின்றது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பீஸ் கட்டை செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. வீட்டு மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் இருக்குமே, அந்தக் கட்டைதான். அச்சிலிருந்து ஈரமாக வந்து விழும் கட்டையின் ஓரத்துப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவி, பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அவளுக்கு. இப்போது கண்ணைத் திறந்துகொண்டே பாதியைக் கெடுத்தாள். காது முழுக்க ரோட்டில் இருந்தது. எந்த டிராக்டர் சத்தம் கேட்டாலும் கத்தியைப் போட்டுவிட்டுக் கம்பெனி கேட்டுக்கு ஓடுவாள். அவன் வண்டி இல்லையென்றால் ஏன் இல்லை என்று பயம். அவன் வண்டியாகவே இருந்துவிட்டால், திரும்பி வருவானா என்று பயம்.

சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குச் சட்டியைத் திறக்காமல் ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். "சார், அவுரு இன்னிக்கு பவழங்குடி பக்கம் உழவுக்குப் போயிருக்காரு. அங்க மளிகைக் கடையில போன் இருக்குதாம். ஒரு தடவ கேட்டுச் சொல்றீங்களா?"

மேனேஜர் கோதண்டபாணி கெட்டவர் இல்லை. ஆனால் தினமும் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "ஏம்மா, நான் கம்பெனி நடத்துறேனா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சு நடத்துறேனா?" என்பார்.

டாக்டரிடம் போனாள். நெஞ்சு படபடப்புக்கு மாத்திரை கொடுத்தார். உடம்பில் ஒன்றுமில்லை என்றார். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டினாள். மங்கலம்பேட்டை தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டாள். பழமலையோ, "எனக்கு ஒண்ணும் ஆவலையே, கல்லு மாதிரி இருக்கேனே" என்று நெஞ்சில் தட்டிக் காட்டுவான். அந்தத் தட்டலில் காறை எலும்பு திரும்ப உடைந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம் வரும்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதத்தில் ஆபீஸ் வேலைக்கு சௌந்தர்யா வந்தாள். ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்க்கிற பக்கிரியின் மகள். காலேஜ் முடித்திருந்தாள். இரண்டாம் வாரமே கைப்பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"யாருக்கா ரிங் ஆட வரீங்க? ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு வேணும். நானே எத்தனை நாளு செவுத்துல போட்டுப் போட்டுப் புடிக்கிறது?"

பெண்கள் சிரித்தார்கள். அச்சு மெஷினில் வேலை செய்யும் வீராயி மட்டும் கையில் ஒட்டியிருந்த சோற்றைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். வீராயிக்கு வாயும் பெரிது, தோளும் பெரிது. "பள்ளிக்கூடத்துல ஆடினது. இன்னும் மறக்கல. வாடி" என்று புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகினாள். தூங்குமூஞ்சி மரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவில் பழைய சாக்குக் கயிறைக் கட்டினார்கள். இன்னொருத்தி வந்தாள். நாலாவது ஆள் இல்லை.

வீராயி சுற்றிலும் பார்த்தாள். ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த ஆண்டாள் கண்ணில் பட்டாள்.

"ஏ ஆண்டாளு! அங்க நின்னு தூணுக்கு முட்டுக் குடுக்குறியா? இங்க வந்து நில்லு. ஆடக்கூட வேணாம். சும்மா நில்லு."

"எனக்கு வேணாம்க்கா."

"உனக்கு வேணுமான்னு யாருடி கேட்டா? எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது."

கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். ஆண்டாள் கம்பம் மாதிரிதான் நின்றாள். முதல் வளையம் அவள் தோளில் பட்டு விழுந்தது. இரண்டாவது காலடியில். மூன்றாவது நேராக மூக்குக்கு வந்தது. அடி விழப்போகிறது என்று கை தானாக மேலே போய், பிடித்துவிட்டது.

"போடு! போடு! கையில வச்சிருக்கக் கூடாது!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். பதறிப்போய் வீசினாள். வளையம் கயிற்றுக்கு மேலே சரிந்து போய், சௌந்தர்யா எட்டிய கைக்குத் தப்பி மண்ணில் விழுந்தது.

"பாயிண்ட்டு!" வீராயி குதித்த குதியில் புழுதி கிளம்பியது.

மணி அடித்தது. பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆண்டாளுக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் ரோட்டில் எத்தனை வண்டி போயிருக்கும்? ஒன்றுகூட அவள் காதில் விழவில்லையே! நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இது வேறு அடி. ஓடிவந்து நின்றவளின் அடி.

உடனே குற்றமாகவும் இருந்தது. புருஷனை மறந்துவிட்டு வளையம் பிடித்தோமே! ஓடிப்போய் கேட்டை எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் அவன் எப்போதும்போல் சட்டையெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்தான். இவள் மறந்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மறுநாள் யாரும் இழுக்கவில்லை. தானே போய் நின்றாள்.

பயம் அன்றும் வந்தது. சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே வந்து, போன் பண்ணச் சொல், போன் பண்ணச் சொல் என்று பிடுங்கியது. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்: 'ஆட்டம் முடியட்டும். அப்புறம் பயப்படலாம். வேணாம்னு சொல்லலையே, அப்புறம்னுதானே சொல்றேன்.' விரட்டினால் போகாத பயம், காத்திரு என்று சொன்னதும் ஓரமாகக் குந்திக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் சொன்ன சொல் தவறாமல் கேட்டுக்குப் போய் நின்று பயப்பட்டாள். ஆனால் வியர்த்துக் கொட்ட, மூச்சு வாங்க, பசியோடு நிற்கிறவளுக்கு எவ்வளவு நேரம் பயப்பட முடியும்? திரும்பி வந்து தூக்குச் சட்டியைத் திறந்தாள். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் பாதிச் சோறு, பின்னால் மீதி என்று வழக்கமாகிவிட்டது. பயப்படுகிற நேரம் வரவரச் சுருங்கியது. சில நாள் மறந்தே போய், மாலையில்தான் 'அடடா, இன்னிக்குப் பயப்படலையே' என்று ஞாபகம் வந்தது.

ராத்திரியில் உடம்பு அசந்து தூக்கம் வந்தது. பிசிறு எடுக்கிற கை பழைய வேகத்துக்குத் திரும்பியது. "கோதண்டபாணி சாரு போனைத் துடைச்சு வச்சிருக்காராம், நீ ஏன் வரதில்லைன்னு கேக்குறாரு" என்று வீராயி கிண்டல் பண்ணினாள். ஆண்டாள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து இரண்டு பேர் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆட்டத்தை விட மனசில்லாமல், காய வைக்கிற கொட்டகைக்குள் நடைபாதையில் கயிறு கட்டினார்கள். வீராயி எம்பிப் போட்டதை ஆண்டாள் பின்னாலேயே போய்ப் பிடித்தாள். முதுகு போய் ராக்கில் மோதியது. அரைகுறையாகக் காய்ந்திருந்த பீஸ் கட்டைகள் பலகை பலகையாகச் சரிந்து, பொலபொலவென்று தரையில் கொட்டின.

கோதண்டபாணி வந்து பார்த்தார். கையை நீட்டினார். சௌந்தர்யா வளையத்தைக் கொடுத்தாள். அது அவர் மேஜை டிராயருக்குள் போயிற்று.

ஒரு வாரம் ஆண்டாள் தாங்கினாள். அடுத்த வாரம் பயம் பாய் தலையணையோடு திரும்பி வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. காது ரோட்டுக்குப் போயிற்று. கார்த்திகை பிறந்தால் ஆலை அரைக்க ஆரம்பிக்கும். பழமலை மறுபடி கரும்பு ஏற்றிக்கொண்டு அதே மதகைத் தாண்டிப் போவான். ஒருநாள் சாப்பாட்டு மணிக்குத் தன் கால் தானாக ஆபீஸ் வாசலுக்கு நடப்பதைக் கண்டு அவளுக்கே திக்கென்றது. போன் கேட்கத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

நிலைப்படியில் நின்றாள். உள்ளே போனாள்.

"என்னம்மா, யாருக்குப் போன் பண்ணணும்?" கோதண்டபாணி ரிசீவரில் கையை வைத்தார்.

"போன் வேணாம் சார். ரிங்கைக் குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொட்டினதுக்கு நான்தான் காரணம். திட்டுங்க, கேட்டுக்கிறேன். ஆனா அதைக் குடுத்துடுங்க சார். வெளையாட்டுக்குக் கேக்கல." டிராயரைக் கை காட்டினாள். "மூணு மாசமா நான் போன் கேட்டு வரல, பாத்தீங்க இல்ல? மாத்திரையால இல்ல சார். தெனமும் அந்தக் கொஞ்ச நேரம் ஆடினதாலதான். பல்லு வெளக்குற மாதிரி ஆயிடுச்சு எனக்கு. ஒரு நாளு வுட்டா ஒண்ணும் தெரியாது. ஒரேடியா வுட்டா கெட்டுப் போயிடுது."

வாசலில் வீராயி, சௌந்தர்யா, அவர்களுக்குப் பின்னால் பாதிக் கம்பெனி.

கோதண்டபாணி டிராயரைத் திறந்தார். "கொட்டகைக்குள்ள கூடாது. சூளைக்குப் பின்னால சாம்பல் மேடு இருக்குது, அதை நெரவிக்குங்க. மழை பெஞ்சா நனைஞ்சுக்கிட்டே ஆடுங்க, எனக்கு இன்னா?"

எழுந்த கூச்சலில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்களாம். மறுநாளே மண்வெட்டியும் கூடையுமாகச் சாம்பல் மேட்டை நிரவினார்கள். தை பிறப்பதற்குள் அது நல்ல ஆடுகளமாகிவிட்டது. பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களும் ஆளுக்கொரு வளையம் வாங்கினார்கள்.

பொங்கலுக்கு எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து விளையாட்டுப் போட்டி நடக்கும். ஆண்களுக்குக் கபடியும் ஓட்டமும். பெண்களுக்கு மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம். அந்த வருஷம் வீராயி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ரிங்கையும் சேர்க்க வைத்துவிட்டாள். "எலுமிச்சம்பழத்தை ஊறுகா போட்டுக்குங்க" என்று அவள் சொன்னது எஸ்டேட் முழுக்கப் பரவிற்று.

வீராயியும் ஆண்டாளும் ஜோடி. ஒவ்வொரு கம்பெனியாகச் சாய்த்துக்கொண்டு பைனலுக்கு வந்துவிட்டார்கள்! எதிரே பொம்மைக் கம்பெனியிலிருந்து தென்றலும் அனுசியாவும். தென்றல் நெட்டைக்கொக்கு, கையைத் தூக்கினால் கயிற்றுக்கு மேலே முழங்கை தெரியும். சாம்பல் மேட்டு ஆடுகளத்தில்தான் பைனல். மைக் செட், கலர் பேப்பர், கரும்புக் கட்டு, சுற்றிலும் நெருக்கியடித்த கூட்டம். ஆலை ஓடிக்கொண்டிருந்ததால் பழமலை விடிகாலையிலேயே லோடு ஏற்றிப் போயிருந்தான். பைனலுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

முதல் ஆட்டம் பாதியில், சைக்கிளில் வந்த ஒருத்தர் கூட்டத்தில் யாரிடமோ சொன்னது ஆண்டாள் காதில் தெளிவாக விழுந்தது.

"பெண்ணாடம் ரோட்டுல கரும்பு டிராக்டரு ஒண்ணு கவுந்து கெடக்குது. ஒரே கூட்டம்."

அவள் கையிலிருந்து வளையம் நழுவியது. அடுத்ததும் நழுவியது. அதற்கடுத்தது பக்கத்தில் விழுந்ததைப் பார்க்கவே இல்லை. மடமடவென்று பாயிண்ட் போய் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள்.

வீராயி பக்கத்தில் வந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. "போடி. ஆட்டம் கெடக்குது. போயிப் பாரு."

ஆண்டாள் கேட்டைப் பார்த்தாள். கால் கிளம்பிவிட்டது. எதில் போவது? பஸ்ஸுக்கு நின்றால் எப்போது வரும்? போய்ச் சேருகிற வரைக்கும் பஸ்ஸுக்குள் என்னவெல்லாம் தோன்றும்? தண்ணீரை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டாள். நேராக மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த கோதண்டபாணியிடம் போனாள்.

"சார், உங்க ஸ்கூட்டரு சீக்கிரம் போவும். அவுருதானான்னு பாத்துட்டு வரீங்களா? நானும் வரட்டுமா?"

கோதண்டபாணி ஏற்கெனவே எழுந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "நீ வந்து வழியெல்லாம் அழுவுறதை நான் பாத்துக்கிட்டு ஓட்ட முடியாதும்மா. நீ இங்க இரு. நான் கொண்டாறேன் சேதி."

ஸ்கூட்டர் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. இங்கே நின்று கையைப் பிசையலாம். கேட்டில் நின்று ரோட்டைப் பார்க்கலாம். பார்த்தால் ரோடு நேராகிவிடுமா? ஆறு மாசமாகத் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகின சொல் வாய்க்கு வந்தது. இன்றைக்கு அதைச் சொல்ல மலையைப் புரட்டுகிற பலம் வேண்டியிருந்தது.

"வீராயிக்கா. சேதி வரட்டும். அதுவரைக்கும் ஆடலாம்."

"ஆடுவியா?"

"தெரியல. நின்னு பாக்குறேன்."

முதலில் நின்றுதான் பார்த்தாள். வீராயி இரண்டு ஆள் ஆட்டத்தை ஒருத்தியாக ஆடினாள். ஒரு வளையம் வீராயிக்கு எட்டாமல் இவள் பக்கம் சரிந்தது. கை போயிற்று. பிடித்தது. பழகின கை, மனசைக் கேட்கவே இல்லை. இன்னொன்று. இன்னொன்று. வளையத்தின் மேல் மட்டும் கண் நின்றது. தென்றல் எம்பும்போது தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, அனுசியா இடது மூலையில் எவ்வளவு இடம் விடுகிறாள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது ஆட்டம் இவர்களுக்கு! கூட்டம் விசிலடித்தது. மைக்கில் இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மூன்றாவது ஆட்டம் சமமாகவே ஏறிக்கொண்டு போயிற்று. இவர்கள் ஒன்று, அவர்கள் ஒன்று. கடைசிப் பாயிண்ட்டுக்கு இவர்கள் கை ஓங்கியிருந்தபோது ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தது. கோதண்டபாணி ஸ்டாண்டுகூடப் போடாமல் வண்டியை யார் கையிலோ கொடுத்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"அது உங்க வூட்டுக்காரரு இல்லம்மா! வேற வண்டி! அந்த டிரைவருக்கும் ஒண்ணும் ஆவல! உங்க ஆளு அங்க எறங்கி, கொட்டின கரும்பை அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்காரு!"

கூட்டமே 'ஓ' என்று ஆர்ப்பரித்தது. அந்த நேரம் பார்த்துத் தென்றல் வீசிய வளையம் பின்கோட்டை நோக்கிச் சுழன்று வந்துகொண்டிருந்தது. ஆண்டாள் பின்னால் ஓடினாள், ஒரு காலில் நின்றாள், உடம்பை வில்லாக வளைத்தாள், விரல் நுனியில் பிடித்தாள். விழுகிறதற்குள் வீசிவிட்டாள். வளையம் கயிற்றை உரசிக்கொண்டு போய் அனுசியாவின் இடது மூலையில் பொத்தென்று விழுந்தது.

"பாயிண்ட்டு! மேட்ச்சு!" வீராயி அவளை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டாள். சௌந்தர்யா கோட்டுக்குள் ஓடிவந்து விழுந்தாள். எல்லாருமாக அமுக்கியதில் ஆண்டாளுக்கு மூச்சே முட்டியது. கூட்டத்தை விலக்கித் தலையை நீட்டி, சாம்பல் அப்பின முகத்தோடு கேட்டாள்:

"சார், நீங்க ஏதோ கத்தினீங்களே, இன்னா அது?"

கோதண்டபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேதியைத் திரும்பச் சொன்னார். ஆண்டாள் சாம்பலிலேயே உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். தென்றல்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "நாளைக்கு மத்தியானம் எங்க பக்கம் வந்து ஆடுக்கா. அந்தக் கடைசி ரிங்கை நீ எப்படிப் புடிச்சேன்னு எனக்குக் காட்டணும்."

அதோடு பயம் ஒழிந்ததா என்றால், இல்லை. மழைக்காலத்தில் வரும், வண்டி லேட்டானால் வரும். வந்தால் வரட்டும் என்று இடம் விடக் கற்றுக்கொண்டாள். வேலை நாளில் சாம்பல் மேடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்றுதான் யோசனை. பழமலையையே கூட்டிக்கொண்டு மணிமுத்தாற்று மணலுக்குப் போனாள்.

டிரெய்லரோடு டிராக்டரைப் பின்னாலேயே வளைத்து நிறுத்துகிறவன், ஒரு ரப்பர் வளையத்தைப் பிடிக்கத் தெரியாமல் அல்லாடினான். நெற்றியில் பட்டது, தோளில் பட்டது. ஒன்றைத் துரத்திக்கொண்டு போய்த் தண்ணீரிலேயே விழுந்தான். கரையில் துணி துவைத்தவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"போதுங்க, நனைஞ்சுட்டீங்க. வூட்டுக்குப் போலாம்" என்றாள் ஆண்டாள்.

பழமலை வேட்டியைப் பிழிந்து மடித்துக் கட்டிக்கொண்டு, மணலில் காலை அகட்டி நின்றான்.

"அதெல்லாம் முடியாது. இன்னொண்ணு போடு. இந்தத் தடவ பாரு!"